பென்சிலின் பூண்

உலக்கை தேய்ந்தால் பூணைக் கழற்றிப் புது உலக்கையில் மாட்டுவது நம் வீட்டுப் பெரியவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாத வழக்கம். பட்டம் பெற வந்திருக்கும் நாமோ, ரப்பர் வைத்த பென்சில் இரண்டு விரற்கடையாகக் குறைந்ததும் பூண், ரப்பர் எல்லாவற்றையும் சேர்த்துக் குப்பைக்கூடைக்கு அனுப்பிவிடுகிறோம். பாதி ரப்பர்கள் புது மெருகு கூடக் கலையாமல் போகின்றன!

மரமும் ரப்பரும் ஒரே பொருள் என்று நாம் எண்ணுவதே இதற்குக் காரணம். அமெரிக்காவில் ஹைமன் லிப்மன் என்பவர் பென்சிலின் ஒரு முனையில் ரப்பரைப் பொருத்தி 1858-இல் காப்புரிமை பெற்றார். அதைப் பெருந்தொகைக்கு வாங்கிய ரெக்கண்டார்ஃபர், பென்சில் உற்பத்தியாளர் பேபர் மீது வழக்குத் தொடுத்தார். 1875-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் காப்புரிமை செல்லாது என்றது. பென்சில் தன் வேலையைச் செய்கிறது, ரப்பர் தன் வேலையைச் செய்கிறது; சேர்ந்திருப்பதால் புதிய பயன் எதுவும் பிறக்கவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். ஒன்று தீர்ந்தால் மற்றதை ஏன் உடன்கட்டை ஏற்ற வேண்டும்? வழக்கில் வென்ற பேபரின் நிறுவனமே பிற்காலத்தில் ‘பிளாக்விங் 602’ என்ற பென்சிலில், ரப்பரை மட்டும் இழுத்தெடுத்து மாற்றும் ஏற்பாட்டைச் செய்தது.

நமக்குக் கிடைக்கும் சாதாரணப் பென்சிலில் அந்த வசதி இல்லைதான். ஆனால் பூண் வெறும் நசுக்கலால்தான் பிடித்திருக்கிறது. துணி சுற்றிக் குறடால் மெல்லப் பிடித்து, திருகியபடியே இழுத்தால் வந்துவிடும். இழுக்கும் அவசரத்தில் நசுக்கிவிடக் கூடாது. பூணுக்குள் இருந்த மரம் சற்று மெலிந்திருப்பதைக் காண்பீர்கள். அதே அளவுக்குப் புதுப் பென்சிலின் பின்முனையைக் கத்தியால் உருட்டிச் சீவிச் செருகி, குறடால் நாலு புறமும் அமுக்கினால் உறுதியாக நிற்கும். நம் நாட்டுப் பென்சில்களில் பெரும்பாலானவை ரப்பர் இல்லாமலே வருவதால் பூணுக்கு வீடு தேட வேண்டியதில்லை.

பழைய ரப்பர் காற்றும் வெப்பமும் பட்டு இறுகி, அழிப்பதற்குப் பதில் தாளில் கரி பூசும். உப்புத்தாளில் மேல்தோலைத் தேய்த்துப் பாருங்கள். உள்ளே மெதுவாக இருந்தால் இன்னும் உழைக்கும். முழுதும் கல்லாகிவிட்டதா? அதைத் தோண்டி எறிந்துவிட்டு, நல்ல ரப்பரில் ஒரு துண்டு நறுக்கி அந்தப் பூணிலேயே திணிக்கலாம்.

இதைக் கஞ்சத்தனம் என்று சிரிப்பவர்கள் உண்டு. தனி ரப்பர் கடையில் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, வரைபட வகுப்பில் பெஞ்சுக்கு அடியில் உருண்டு ஓடுவதும் அதுதான்!

தவறு அதிகம் செய்பவருக்கு ரப்பர் முந்தித் தீர்கிறது; குறைவாகச் செய்பவருக்குப் பென்சில் முந்துகிறது. விடுதியில் இரு சாராரும் அடுத்தடுத்த அறைகளில் இருக்கிறோம். சங்க அறையில் ஒரு பழைய டப்பா வைத்தால் பண்டமாற்று நடந்துவிடும். பக்கத்தில் ஒரு குறடும் வேண்டும். அதை மட்டும் சங்கிலி போட்டுக் கட்டிவைக்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.