பீரோவில் பிடித்த பூசணம்

ஏலக்காய் மூட்டையில் ஈரம் ஏறினால் பூசணம் பிடிக்கும், விலை விழும் என்று போடி, கம்பம் வியாபாரிகளுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அப்பா காலத்து யாஷிகாவும் ஆக்பா கிளிக் 3-ம் தோல் உறையோடு பீரோவில் கிடக்கின்றன. ஈரத்தைப் பிடித்து வைப்பதே அந்த உறைதான்.

லென்ஸில் சிலந்திவலை போலத் தெரிவது பூசணம். வெளிக்கண்ணாடியில் இருந்தால், முதலில் தூசியை ஊதிவிட்டு, மெல்லிய துணியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக வீட்டிலேயே துடைக்கலாம். லென்ஸ் மேல் ஊற்றக்கூடாது. சிலர் பற்பசை போட்டுத் தேய்க்கிறார்கள் (பாத்திரம் என்று நினைத்தார்களோ என்னவோ!), மேற்பூச்சு கீறிப்போகும். உள்ளே பிடித்திருந்தால் திருகாணியைத் தொடாமல், வேலை தெரிந்தவரிடம் கொடுப்பதே மேல் என்பது நம் கருத்து. பூசணம் மேற்பூச்சை அரித்திருந்தால் அந்தத் தடம் துடைத்துப் போகாது.

பழைய கேமராவைத் தேடி வாங்குவோர் இப்போது மீண்டும் இருக்கிறார்கள். மேலாகத் துடைத்துவிட்டு 'சுத்தமான லென்ஸ்' என்று விற்பதை நாம் ஒப்பமாட்டோம். மாதிரி பார்த்துத்தானே ஏலக்காய்க்கு விலை கேட்கிறோம்? லென்ஸுக்குள் டார்ச் அடித்து, உள்ளதை வாங்குபவருக்குக் காட்டிவிடுங்கள்.

விற்காதவர்கள் உறையைக் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். சாரல் மாதங்களில் பொட்டலத்தை மாற்ற மறக்கவேண்டாம்.