கோயில் வீதியில் நடந்த திரைக்கவி

தமிழ்ப் பேசும்படம் நாடக மேடையின் குழந்தை. மேடையில் பாடி நடித்தவர்களே திரையிலும் பாடி நடித்தனர். கதையைக் கொண்டு செலுத்தியது பாட்டு. ஆதலின் பாடலாசிரியரின் பொறுப்பும் பெரிதாயிருந்தது. அப்பொறுப்பை வழிபாடாகவே ஏற்று நடத்தியவர் பாபநாசம் சிவன்.

1890-இல் தஞ்சை மண்ணின் போலகத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் இராமய்யா. சிறுவயதிலேயே தந்தையை இழந்து, தாயுடன் திருவனந்தபுரம் சென்றார். அங்கே வடமொழி இலக்கணம் பயின்றார். நீலகண்ட சிவனின் பஜனையில் மனம் தோய்ந்தார். இளமையிலேயே தாயும் மறைந்துவிட, தலந்தோறும் பாடித் திரிந்து பாபநாசம் வந்து சேர்ந்தார். மேனியெங்கும் திருநீறு துலங்க நின்ற அவரை மக்கள் 'சிவன்' என்றே அழைத்தனர். அவரோ தம் கீர்த்தனைகளில் 'ராமதாசன்' என்று முத்திரை வைத்தார்.

'சீதா கல்யாணம்' படத்தின் வழியே திரையுலகம் அவரை அழைத்துக்கொண்டது. 'சிந்தாமணி', 'அம்பிகாபதி', 'அசோக்குமார்', 'சிவகவி' எனப் படங்கள் தொடர்ந்தன. மேடையில் புகழ்பெற்றுத் திரைக்கு வந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரலும் சிவனின் சாகித்தியமும் ஒன்றையொன்று தேடிக்கொண்டவை போல் அமைந்தன. சொல்லையும் மெட்டையும் சிவன் சேர்த்தே படைத்தார். கச்சேரி மேடைக்கு உரிய இராகங்கள் மாட்டுவண்டிப் பாதை வரை சென்று ஒலித்தன. 'பக்த குசேலா'வில் குசேலராகவும், 'தியாகபூமி'யில் சம்பு சாஸ்திரியாகவும் அவரே நடித்தார்.

1944 தீபாவளிக்கு வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதன் சாருகேசி இராகக் காதற்பாடலை அறியாதார் இல்லை. ஆயினும் படத்தின் உள்ளம் வேறிடத்தில் உள்ளது. பெற்றோரைத் துரத்திய மகன், கால்களை இழந்த பின் உணர்ந்து, அவர்களுக்குத் தொண்டு செய்வதிலேயே இறைவனைக் காண்கிறான். தாய் தந்தையரைத் தெய்வமாகப் போற்றும் பாடல் ஒன்று அங்கே வருகிறது. அதைக் கேட்டு வீடு திரும்பிய மகன்கள் எத்தனை பேர் பெற்றோரின் காலில் விழுந்தனரோ! பெற்றோர் இருவரையும் இளமையிலேயே இழந்த ஒருவர் எழுதிய பாடல் அது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. தாம் செய்ய வாய்க்காத தொண்டை அவர் ஊரார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

திரைப்புகழ் உச்சியில் நின்ற நாட்களிலும் மார்கழி வைகறையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனைக் குழுவின் முன்னே பாடிச் சென்றவர் சிவன். கபாலீசுவரரின் பவனியைப் பாடிய காம்போதிக் கீர்த்தனையும், திரையில் ஒலித்த பாடல்களும் ஒரே எழுதுகோலில் பிறந்தவை.

1971-இல் சங்கீத கலாநிதி, 1972-இல் பத்மபூஷண் எனச் சிறப்புகள் முதுமையில் வந்தடைந்தன. 1973-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். சினிமாப் பாட்டு என்று சொல்லிப் பேரக்குழந்தைகளைத் தடுக்கும் இல்லங்களில் ஒருநாள் 'ஹரிதாஸ்' படத்தின் அந்தப் பெற்றோர் பாடலை ஒலிக்கச் செய்யலாம். பூஜை அறையிலும் ஒலிக்கத் தக்க பாட்டு அது.