கபரஸ்தானில் வேம்பு நடுவோம்

இங்கிலாந்தின் கார்லைல் நகரில் 1993ஆம் ஆண்டு, இடுகாட்டின் ஒரு பகுதியை வனமாக்க முற்பட்டனர். கல்லறைக் கல்லுக்கு மாற்றாக ஓக் மரக்கன்று நடுவதே அத்திட்டம். பின்னர் அந்நாட்டில் இத்தகைய இடுகாடுகள் பல பெருகின. மேலைநாட்டார் புதுமை எனப் போற்றும் இதில் நமக்குப் புதியது யாது? எளிய கஃபன் துணி, மருந்தேற்றாத உடல், நேரே மண். இவை நம்மிடையே என்றும் உள்ளனவே. மரம் ஒன்றுதான் குறை.

தமிழ் மரபுக்கும் இஃது அயலன்று. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, புகார் நகரத்துச் சுடுகாட்டு மன்றங்களுள் நான்கினை வாகை, விளா, வன்னி, இலந்தை என மரப்பெயராலேயே சுட்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பசிய பேரீச்ச மட்டையைப் பிளந்து இரு கபர்களின் மீது நட்ட செய்தி புகாரியில் உண்டு. (அஃது அண்ணலார்க்கே உரிய தனிச்செயல் என்பாரும் உளர், அதனை உலமாக்களிடமே விடுவோம்.) நட்ட மரத்தின் கனியைப் பறவை உண்டாலும் நட்டவர்க்குத் தருமம் என்னும் நபிமொழியிலோ கருத்து வேற்றுமைக்கு இடமில்லை.

சித்திரை வெயிலில் சத்துவாச்சாரித் தெருக்களில் ஜனாஸாவைச் சுமந்து நடந்தோர்க்கு நிழலின் அருமையை நாம் சொல்ல வேண்டுவதில்லை. பாலாற்றங்கரையினராகிய நமக்கு வேறொரு கடனும் உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட வட்டாரம் இது. குரோமியம் வந்தபின் மண்ணும் நிலத்தடி நீரும் கெட்ட நிலையை உச்சநீதிமன்றத்தின் 28.8.1996 தீர்ப்பில் காணலாம்.

எனினும், கபருக்கு ஒரு மரம் என்னும் ஆங்கிலேயர் முறை நமக்குப் பொருந்தாது என்பதே நம் கருத்து. இடம் குறுகிய ஊர்களில் ஆண்டுகள் கழிந்தபின் அதே மண்ணை மீண்டும் அகழ வேண்டியுள்ளது. வேரோடிய நிலத்தில் கடப்பாரை எளிதில் இறங்காது. பெயர்ப்பலகை தாங்கிய மரமோ நாளடைவில் செல்வரின் அடையாளமாகிவிடும். அதில் கயிறு கட்டுவோரும் வருவர். ஆதலின் மதிலோரத்திலும் நடைபாதையின் இருமருங்கிலும் வேம்பு, புங்கு, நாவல் ஆகியவற்றை மறைந்தோர் அனைவர் பொருட்டும் நடுவோம்; பெயர் வேண்டா. சீமைக் கருவேலம் மண்டிய இடங்களில் முதலில் அதனை வேரோடு களைதல் வேண்டும். வெட்டினால் மட்டும் போதாது, மீண்டும் துளிர்க்கும்.

கன்று நடுவது ஒரு நாள் விழா, நிழற்படத்தோடு முடிந்துவிடும். முதல் மூன்று கோடைகளில் நீர் ஊற்றுவோர் யார்? ஆட்டுக்கு எட்டாதபடி வேலி கட்டுவோர் யார்? முத்தவல்லிகள் ஜமாஅத் கணக்கில் இதற்கென ஒரு தொகை ஒதுக்கட்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் பங்குனி முதல் ஆனி முடிய முறை வைத்துக் குடம் சுமக்க இசைவரேல், வரும் ஐப்பசி மழையிலேயே முதல் கன்றுகளை நட்டுவிடலாம்.