டிரெய்லருக்கும் முன்பாரம், பின்பாரம் உண்டு

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும் உழவர், முன்பாரமா பின்பாரமா என்று பார்க்காமல் வண்டியைக் கிளப்புவதில்லை. முன்பாரம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் நுகத்தடியைத் தூக்கும். அதே உழவர் டிராக்டரில் இரு சக்கர டிரெய்லரைப் பூட்டியதும் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார். என்ஜின் இழுத்துவிடும் என்ற நம்பிக்கையே காரணம்.

இழுப்பது பெரிதல்ல, நிறுத்துவதே பெரிது. பல டிரெய்லர்களுக்குத் தனி பிரேக் கிடையாது. கரும்புப் பாரம் முழுவதையும் டிராக்டரின் பிரேக்கே பிடித்து நிறுத்த வேண்டும். பின்பாரம் கூடினால் டிராக்டரின் பின்சக்கரங்களுக்குப் பிடிப்புக் குறையும். முன்பாரம் மிகுந்தால் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும், ஸ்டீயரிங் கேட்காது. ஆகவே பாரத்தைத் தாழ்வாகப் பரப்பி, அச்சுக்கு முன்னால் சற்றே மிகுந்திருக்கும்படி ஏற்ற வேண்டும்.

கொக்கியில் கைக்குக் கிடைத்த கம்பியைச் செருகுவது கூடாது. அளவான பின்னைப் போட்டு, அது கழலாதபடி கிளிப்பும் மாட்ட வேண்டும். சாலைக்கு வருமுன் இரண்டு பிரேக் பெடல்களையும் இணைத்துவிட வேண்டும். இல்லையேல் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பிடித்து வண்டி திரும்பிவிடும். இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும், டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் இடையில் ஆள் உட்காருவதும் அறவே கூடாது. இரவில் பின்னால் வருபவர் கண்ணுக்குத் தெரிய, டிரெய்லரின் பின்புறம் சிவப்பு ஒளிர்பட்டை அவசியம்.

ஒரே நடையில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரமே அதிகப் பாரத்துக்குக் காரணம். இன்னொரு நடைக்குச் செலவாவது டீசல் மட்டுமே. கவிழ்ந்த வண்டிக்கு ஆகும் செலவைச் சிறு விவசாயக் குடும்பம் தாங்காது.