கதவு சாத்தியிருந்தால் அது ஆபீஸ்!

இந்தப் பகுதியில் எத்தனையோ பேர் தங்கள் மனக்குறையை எழுதுகிறீர்கள். நான் எழுதப் போவது என் குறையை அல்ல. என் மேல் இருந்த குறையை!

மன்னார்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, நாற்பது வருடம் குடும்பம் நடத்தி, இப்போது சென்னையில் மகன் வீட்டில் இருக்கும் 63 வயது இல்லத்தரசி நான். மகன் வங்கியில் வேலை பார்க்கிறான். மருமகள் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் சாஃப்ட்வேர் எழுதுகிறாள். வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. பேரனுக்கு ஒரு வயது. அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் நானும் என் கணவரும் ஊரை விட்டு வந்தோம்.

வந்த புதிதில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மகன் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினால், "பாவம், வேலைக்குப் போறான்" என்று டிபன் டப்பாவைக் கையில் கொடுப்பேன். மருமகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால், "வீட்ல தானே இருக்கா" என்று நினைப்பேன். பால்காரர் வந்தால் அவளைக் கூப்பிடுவேன். புளி எங்கே என்று கேட்கக் கதவைத் தட்டுவேன். உறவுக்காரர்கள் வந்தால், "வந்து ஒரு வாய் காபி கலந்து கொடுத்துட்டுப் போம்மா" என்பேன். அவளும் முகம் சுளிக்காமல் வருவாள். போனில் என் தங்கையிடம், "என்னமோ பொட்டியைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா" என்று சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் நடுராத்திரி இரண்டு மணிக்கு அவள் போன் அடித்தது. எழுந்து போய் விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரத்தில் பேரன் அழ ஆரம்பித்தான். நான் போய்க் கதவைத் தட்டி, "புள்ளை அழுறது காதுல விழலையா? ராத்திரியில அப்படி என்ன பெரிய வேலை?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவளோடு லைனில் இருந்த நாலைந்து பேர் காதிலும் அது விழுந்ததாம். ஒன்றும் பேசாமல் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் தட்டிக்கொண்டிருந்தாள். படுக்கும்போது மணி நாலரை. காலையில் எட்டு மணி வரை அவள் எழவில்லை. நான் சமையலறையில் பாத்திரத்தை 'ணங் ணங்' என்று வைத்தேன். மாமியார்களுக்கு அந்த பாஷை தெரியும்!

மூன்று நாள் கழித்து அவளே வந்தாள். "அத்தை, வேலையை விட்டுடலாம்னு இருக்கேன். லெட்டர் எழுதி வச்சிட்டேன். உங்களுக்கும் கஷ்டம், புள்ளைக்கும் கஷ்டம்" என்றாள்.

உண்மையைச் சொல்கிறேன், நான் மனதுக்குள் எதிர்பார்த்ததுதான் இது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு என் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. அதன் அடியில் ஒரு சான்றிதழ் இருக்கிறது. தமிழ் டைப்ரைட்டிங்கில் நான் ஹையர் பாஸ் செய்தது. கல்யாணமான புதிதில் எனக்கு ஒரு வேலைக்கு ஆர்டரும் வந்தது. "வீட்டு வேலையை யார் பார்க்கிறது?" என்று ஒரே ஒரு கேள்விதான் என் மாமியார் கேட்டார். ஆர்டர் அடுப்புக்குப் போனது. சான்றிதழ் பெட்டிக்குப் போனது. அன்று என் முகம் எப்படி இருந்ததோ, அப்படியே இருந்தது இவள் முகம்.

"லெட்டரை அப்படியே வை. அன்னிக்கு ராத்திரி என்னதான் பண்ணினே, எனக்குப் புரியுற மாதிரி சொல்லு" என்றேன்.

அவள் நிறுவனம், கடைகளில் போன் மூலம் பணம் கட்டுவதற்கான சாஃப்ட்வேர் எழுதுகிறதாம். நாம் கடையில் பணம் அனுப்பும்போது சில சமயம் சுற்றிக்கொண்டே இருக்கிறதல்லவா? லைன் மந்தமாக இருந்தால், அதே கட்டளையை மிஷின் மறுபடியும் அனுப்பும். இரண்டு முறை வந்தாலும் இது ஒரே கட்டளைதான் என்று தெரிந்துகொள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. அதே எண் மறுபடி வந்தால் மறுபடி பணம் எடுக்கக் கூடாது. டோக்கன் எண்ணைப் பார்த்து, "நீங்க ஏற்கனவே வாங்கிட்டீங்கம்மா" என்று சொல்வது மாதிரி. அன்று யாரோ மாற்றி எழுதிய நாலு வரியில் அந்தச் சோதனை விட்டுப்போய்விட்டது. ஒரே பொருளுக்குச் சிலர் கணக்கில் இரண்டு முறை பணம் போய்விட்டது. அந்த நாலு வரியைத் தேடிப் பிடித்து, திருத்தி, கழிந்த பணம் திரும்பிப் போக வழி செய்துவிட்டுத்தான் படுத்திருக்கிறாள்.

முந்தின வாரம்தான் மருந்துக் கடையில் என் பணம் போய்ச் சேராமல் நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். என்னைப்போல் எத்தனை பேருடைய பணத்தை எடுத்துக் கொடுக்க அவள் உட்கார்ந்திருந்தாளோ! நான் பாத்திரத்தை அல்லவா உருட்டினேன்!

இன்னொன்றும் சொன்னாள். கம்ப்யூட்டர் வேலையில் தட்டுவது கொஞ்சம்தான், யோசிப்பதுதான் அதிகம். புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி தப்பினால் கடைசியில் கோடு சேராது. எங்கே தப்பியது என்று முதலிலிருந்து பார்க்க வேண்டும். பாதியில் யாராவது கூப்பிட்டால் எல்லாம் கலைந்துவிடும். "நீங்க கூப்பிட்டா ரெண்டு நிமிஷம்தான் அத்தை. ஆனா விட்ட இடத்தைப் பிடிக்க எனக்கு அரை மணி ஆகும்" என்றாள். அரிசி களையும்போது எத்தனை படி அளந்தோம் என்பதை யாராவது பேசி மறக்கடித்தால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது?

கோலம் என்று அவள் சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, நம் வாசல் கோலத்தைக் கம்ப்யூட்டர் இலக்கணமாக எழுதி 1974-லேயே ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். மூவரில் இருவர் பெண்கள். தினமும் குனிந்து நாம் போடுவதில் இவ்வளவு இருக்கிறது என்று நமக்கு யாரும் சொல்லவில்லையே!

அமெரிக்காவில் மார்கரெட் ஹாமில்டன் என்ற பெண்மணியின் கதையும் சொன்னாள். 1969-ல் மனிதன் நிலாவில் இறங்கிய அப்பல்லோ விண்கலத்தின் சாஃப்ட்வேரை எழுதிய குழுவுக்குத் தலைவி அவர். இரவிலும் விடுமுறை நாளிலும் தன் சின்ன மகளைக் கூடவே வேலைக்கு அழைத்துப் போவாராம். ஒருநாள் அந்தக் குழந்தை விளையாட்டாக எதையோ அழுத்த, பயிற்சிக் கம்ப்யூட்டர் குழம்பி நின்றுவிட்டது. விண்வெளி வீரரும் இப்படி அழுத்திவிட்டால் என்ன ஆகும் என்று தாய்க்குத் தோன்றியது. அதற்கு ஒரு காப்பு எழுத வேண்டும் என்றார். "பயிற்சி பெற்ற வீரர்கள் அப்படித் தப்பு செய்ய மாட்டார்கள்" என்று மறுத்துவிட்டார்கள். 1968-ல் அப்பல்லோ 8 பறந்தபோது ஒரு வீரர் அதே தப்பைத்தான் செய்தார்! பிறகு காப்பு எழுத ஒப்புக்கொண்டார்கள். 2016-ல் அமெரிக்க ஜனாதிபதி அவருக்கு அந்த நாட்டின் உயரிய விருதைக் கொடுத்தார். குழந்தை கூட இருந்ததால் வேலை கெடவில்லை. ஒரு தவறு முன்கூட்டியே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் இவள் கம்ப்யூட்டரை விடமாட்டாள். அதுவும் எனக்குக் குறையாக இருந்தது. கேட்டபோதுதான் அது சம்பளத்துக்கு இல்லை, ஆசைக்கு என்று தெரிந்தது. எனக்குத் தையல் மாதிரி, அவளுக்கு இது. என் கணவரின் பழைய லேப்டாப் 'இனி பரணுக்குத்தான்' என்றிருந்தது. அதில் லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டு ஓட வைத்துவிட்டாள். 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற பின்லாந்து மாணவர் தொடங்கியதாம். காசு கிடையாது, உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதி வளர்த்திருக்கிறார்கள்.

அதில் இவள் தமிழ் எழுத்துகளுக்காக ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள். 'அம்மா' என்றால் நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஐந்தாம்! அ, ம, புள்ளி, மறுபடி ம, ஒரு துணைக்கால் என்று தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. போனில் 'கோ' என்று அடித்து ஒருமுறை அழித்தால் 'க' மட்டும் மிச்சம் நிற்பது அதனால்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கான சொல் விளையாட்டு ஒன்று எழுதி, அதில் எழுத்தைச் சரியாக எண்ண வைக்கிறாள். முதலில் என்னை விளையாடச் சொன்னாள். ஆய்த எழுத்தை அது எண்ணவில்லை என்று நான்தான் கண்டுபிடித்தேன். "அத்தை, எங்க ஆபீஸ்ல தப்பு கண்டுபிடிக்கத் தனியா ஆள் வச்சு சம்பளம் கொடுக்கிறாங்க" என்று சிரித்தாள். தப்பு கண்டுபிடிக்க மாமியாருக்குச் சொல்லித் தரவா வேண்டும்!

அந்த லெட்டரை அவள் கொடுக்கவில்லை. வீட்டில்தான் சில சட்டங்கள் போட்டோம்.

கதவு சாத்தியிருந்தால் அது ஆபீஸ். புளி கிடைக்காவிட்டால் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்வேன். அவளுடைய மீட்டிங் நேரங்களை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறாள். ராத்திரிக் கூப்பிட்டால் எழ வேண்டிய முறை அவளுக்கு ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. அந்த வாரம் குழந்தை என் மகன் பொறுப்பு. முதல் நாள் அவனுக்குப் பால் பாட்டிலின் மூடியைக் கழற்றத் தெரியவில்லை. இப்போது தாலாட்டே பாடுகிறான்! ராத்திரி விழித்தால் மறுநாள் தாமதமாக வருவேன் என்று அவளும் ஆபீசில் பேசி அனுமதி வாங்கிவிட்டாள். நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்வேன். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாள் என்பதற்காக இருபத்துநாலு மணி நேரமும் அவள் உங்களுக்குச் சொந்தமில்லை.

"நாங்களும் வீட்டில்தானே வேலை பார்த்தோம், எங்களுக்கு யார் கதவு சாத்தினார்கள்?" என்று சில சகோதரிகள் கேட்கலாம். நியாயம்தான். நம் வேலையை யாரும் வேலையாக மதிக்கவில்லை. அந்த வலி தெரிந்த நாமே, அடுத்தவள் வேலையை மதிக்காமல் இருக்கலாமா? "பேரனைப் பார்த்துக்கொள்ளத்தான் மாமியாரா?" என்றும் கேட்கலாம். அதுவும் நியாயமே. அதனால்தான் மாலை ஆறு மணிக்கு மேல் எனக்கும் விடுமுறை. கோவிலோ, சீரியலோ, அது என் இஷ்டம்.

பேறுகால விடுப்பு முன்பு 12 வாரமாக இருந்தது. 2017-ல் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கினார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் சேர்த்தார்கள். இதெல்லாம் அரசு செய்யக்கூடியது. ஆனால் 27-வது வாரம் அவள் வேலைக்குத் திரும்ப முடியுமா, முடியாதா என்பதை முடிவு செய்வது எந்தச் சட்டமும் அல்ல. வீட்டு ஹாலில் உட்கார்ந்திருக்கும் நாம்தான்.

என் மாமியார் கேட்ட அந்த ஒரு கேள்வியை நான் கேட்காமல் இருந்தேனே, அது போதும் எனக்கு.

பழைய லேப்டாப்பில் பழைய தமிழ் டைப்ரைட்டர் முறையையே மருமகள் வைத்துக் கொடுத்திருக்கிறாள். நாற்பது வருடம் கழித்தும் விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இந்தக் கடிதத்தை நானேதான் டைப் செய்தேன். செய்யும்போது என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். யாரும் தட்டவில்லை!

என்ன சகோதரிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு மாமியார், சென்னை.