“கனடாவுக்குப் போயும் தச்சுவேலையோ?” என்று கேட்டவர்களுக்கு

அன்புள்ள ஊரவர்களுக்கு,

என் வளவில் எழும்பிக்கொண்டிருக்கும் கொட்டிலின் படத்தைப் பார்த்துவிட்டு உங்களில் சிலர் தொலைபேசியில் கேட்டீர்கள்: “கனடாவுக்குப் போயும் தச்சுவேலையோ?” பகிடியாகத்தான் கேட்டீர்கள். ஆனால் அந்தப் பகிடிக்குள் ஒரு பழைய நோய் இருக்கிறது. தென்மராட்சியில் இருக்கும் உங்களுக்கும், ஊர்ச் சங்கங்களின் பெயரில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் காசு சேர்க்கும் நம்மவர்களுக்கும் பொதுவாக இந்த மடலை எழுதுகிறேன்.

2022 மே 21ஆம் தேதி இங்கே ஒரு காற்று அடித்தது. டெறேச்சோ என்பார்கள். இடிமுகில் வரிசையொன்று நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் தூரம் நேரே ஓடி, வழியில் நிற்பதையெல்லாம் சாய்த்துவிட்டுப் போகும். ஒன்ராறியோவின் தெற்கிலிருந்து கியூபெக் வரை போன அந்தக் காற்றில், பீற்றர்பரோவுக்கு வெளியே எங்கள் வளவோரம் நின்ற வெள்ளைப் பைன் மரங்களும் விழுந்தன. இந்த மாகாணத்தின் சின்னமாக 1984இல் அறிவிக்கப்பட்ட மரம் அது. ஒருகாலத்தில் பிரித்தானியக் கடற்படை பாய்மரத்துக்காகத் தேடித்தேடி வெட்டியதும் அதைத்தான்.

பக்கத்து வளவுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். வாகனத்தில் பூட்டி இழுத்துவரும் சிறிய மரம் அரியும் மில் ஒன்று வைத்திருக்கிறார். குற்றி அசையாமல் கிடக்க, நாடாவாள் தண்டவாளத்தில் ஓடி அரியும். வாள் தின்பது இரண்டு மூன்று மில்லிமீற்றர் மரம்தான். வட்டவாளென்றால் அதன் இரண்டு மடங்கு தின்னும். கீற்றுக்குக் கீற்று மிச்சம் பிடித்தால், பெரிய குற்றியில் ஒரு பலகை கூடக் கிடைக்கும். தலையெல்லாம் மரத்தூள் படிய நின்று, விழுந்த அந்த மரங்களை அரிந்து தந்தார் மனிதர். அவரைக் கண்டு எழும்பாதவர் இந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

அரிந்த மரம் உடனே கட்டுமரம் ஆகிவிடாது. பலகைகளுக்கு இடையில் ஓரங்குலச் சட்டங்களை ஒன்றின் நேர்மேலே ஒன்றாக வைத்து அடுக்கி, முனைகளுக்கு மை பூசி, மேலே பாரம் ஏற்றி, மழை படாமல் மூடி, காற்று மட்டும் ஊடாட விட்டேன். மை பூசாவிட்டால் முனை முந்திக் காய்ந்து வெடிக்கும். வெள்ளைப் பைன் முழுதாகக் காயும்போது வளையத்தின் போக்கில் ஏறத்தாழ 6 வீதம் சுருங்கும். நடுவிலிருந்து வெளிப்புறமாக 2 வீதம்தான் சுருங்கும். பலகை குழிந்து வளைவது இந்த வித்தியாசத்தால்தான். நம்மூர்த் தச்சர் பலகையின் தலைமுனையைத் திருப்பி வளையத்தைப் பார்த்துவிட்டு, “இது இந்தப் பக்கம் இழுக்கும்” என்று சொன்னது இதைத்தான்.

இங்கே சட்டமும் உண்டு. 2022 முதல் ஒன்ராறியோவில் 15 சதுர மீற்றருக்கு மேற்படாத, ஒரே தளமுள்ள, வீட்டோடு ஒட்டாத, தண்ணீர்க்குழாய் இல்லாத கொட்டிலுக்குக் கட்டட அனுமதி வேண்டியதில்லை. அனுமதி எடுத்துக் கட்டும் வீடென்றால், மரத்தில் தர முத்திரை இருக்கிறதா என்று கேட்பார்கள். சொந்தமாக அரிந்த மரத்தில் அது இராது. அதனால் 15 சதுர மீற்றருக்குள் நின்றுகொண்டேன்.

கடையில் இரண்டுக்கு நாலு என்று விற்கும் மரம் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். நாங்கள் அரிந்தது முழு இரண்டு, முழு நாலு. அதிலும் ஒன்று ஒரு நூல் கூடும், ஒன்று ஒரு நூல் குறையும். ஆகவே சுவரின் வெளிமுகத்தை மட்டும் ஒரே கோட்டில் பிடித்து, கூடுதல் குறைவை உட்பக்கம் தள்ளிவிடவேண்டும். நிலைச்சட்டங்கள் நடுவுக்கு நடு 16 அங்குலத்தில் நிற்கும். எட்டடிப் பலகை 96 அங்குலம் என்பதால் ஆறு இடைவெளியில் மீதியின்றி முடியும். மூலை செங்கோணமாக நிற்க மூன்றடி, நாலடி, குறுக்கே ஐந்தடி. கைமரத்தில் வளைவு இருந்தால் முதுகு மேலே பார்க்க வைக்கவேண்டும். பனிப்பாரம் ஏறும்போது நேராகும்.

நெயில் கன்னைப் பற்றி இளைஞர்கள் ஆசையோடு கேட்டீர்கள். கொம்பிறசர் காற்றில், விசையைத் தொட்டதும் மூன்றேகால் அங்குல ஆணி தலைவரை இறங்கிவிடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். கடை மரத்தில் ஒன்றரை அங்குல அடிச்சட்டத்தைத் தாண்டி ஒன்றேமுக்கால் அங்குல ஆணி நிலைச்சட்டத்துக்குள் போகும். என் முழு இரண்டங்குலச் சட்டத்தைத் தாண்டினால் மிஞ்சுவது ஒன்றேகால் அங்குலம்தான். அதுவும் நார் ஓடும் திசையிலேயே இறங்கும் ஆணி, பிடிமானம் குறைவு. மரத்தில் ஈரம் மிச்சமிருந்தால் காயக்காய இன்னும் தளரும். ஆணியும் மெல்லியது: 3.3 மில்லிமீற்றர். கையால் அடிக்கும் வழமையான மூன்றரை அங்குல ஆணி 4.1 மில்லிமீற்றர். அந்த மூட்டுகளில் நாலங்குல ஆணியைச் சுத்தியலால்தான் இறக்கினேன். பக்கத்திலிருந்து சாய்த்தும் அடித்தேன். மற்ற இடமெல்லாம் மெசின் அடித்தது.

அந்த மெசினின் விசையில் இரண்டு வகை உண்டு. மூக்கை மரத்தில் அழுத்திய பிறகு ஒவ்வொரு ஆணிக்கும் விசையை இழுக்கவேண்டியது ஒன்று. விசையைப் பிடித்தபடி மூக்கால் தொட்டுத் தொட்டுப் போவது மற்றது. இரண்டாவதில் காயம்படும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று அமெரிக்காவில் தச்சுப் பயிலுநரிடையே நடந்த ஆய்வுகள் காட்டின. ஊரில் வாங்குகிறவர்கள் முதல் வகையையே வாங்குங்கள். கண்ணாடி போடாமல் தொடவேண்டாம்.

1830களில் சிக்காகோவில், இயந்திரத்தில் செய்த ஆணி மலிந்தபோது, கழுந்து போட்டுப் பூட்டும் பெரிய மரங்களை விட்டு மெல்லிய சட்டங்களை ஆணியால் பிணைத்து வீடு எழுப்பத் தொடங்கினார்கள். தச்சனின் வேலையில் பாதியை ஆணி எடுத்துக்கொண்டது. எந்த மரம் எப்படி இழுக்கும், எந்தக் கணு எங்கே வரக்கூடாது என்கிற மற்றப் பாதியை எந்த மெசினும் இன்னும் எடுக்கவில்லை. அது ஒருவர் பக்கத்தில் நின்று மற்றவர் பழகும் வித்தை.

அந்த வித்தை நம்மிடம் இருந்தது. பனையைப் பிளந்து, உள்ளே இருக்கும் சோற்றியைச் சீவித் தள்ளி, வைரத்தை மட்டும் எடுத்துக் கைமரமும் றீப்பையும் ஆக்கிய கைகள் நம்மூரில் இருந்தன. அவர்களுக்குக் கூலி கொடுத்தோம்; கதிரை கொடுக்கவில்லை. வீட்டுக்குள் எதுவரை வரலாம் என்று அளந்து வைத்திருந்தோம். அவர்களின் பிள்ளைகள் உளியைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனதில் என்ன குற்றம்? 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி இடிந்தது. பிறகு வெளிநாட்டுக் காசில் எழும்பியது பெரும்பாலும் சீமெந்தும் கம்பியும். காற்றில் விழுகிற வேம்பும் பலாவும் விறகு விலைக்குப் போகின்றன. “தச்சுவேலையோ?” என்று சிரிக்கிற ஊரில் அந்த வேம்பைப் பலகையாக்க ஆள் எப்படிக் கிடைக்கும்?

வெளிநாட்டுச் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த வளைவுக்கும் மண்டபத்துக்கும் காசு அனுப்புமுன், இழுத்துச் செல்லக்கூடிய நாடாவாள் மில் ஒன்றைக் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் வாங்கிக் கொடுங்கள். விழுந்த மரத்தை அதன் சொந்தக்காரரின் வளவிலேயே அரியலாம். ஊரிலுள்ளவர்களுக்கு: மிஞ்சியிருக்கும் மூத்த தச்சர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள். எந்தச் சாதிப் பெடியனும் பெட்டையும் அவர்களிடம் இரண்டு வருடம் பழகட்டும். பழகுகிறவர்களுக்கும் மாதப்படி கொடுப்போம். முதல் பங்கு என்னுடையது. கற்றுக்கொடுக்கிறவருக்கு நாட்கூலி வேண்டாம். ஆசிரியருக்குரிய சம்பளம் மாதாமாதம் வங்கியில் விழவேண்டும், பள்ளிக்கூட மேடையில் அதிபருக்குப் பக்கத்துக் கதிரை அவருக்கு இருக்கவேண்டும். இதற்குச் சம்மதமென்றால் வாற பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊரான் ஒருவன்
பீற்றர்பரோ, ஒன்ராறியோ