காலைப் பார்க்காத வைத்தியம்

கால் மரத்துப்போனவர்களுக்கு நம் ஊரில் இரண்டே ஆலோசனைதான். ஒன்று, "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்." இன்னொன்று, "எங்கேயும் நடக்க வேணாம், பேசாம உட்காருங்க." இரண்டோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. பதிவு நீளம். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் பொறுமை இல்லாவிட்டாலும் படியுங்கள்.

வயதானால் தலை நரைக்கும், பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டும். பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருப்பதும், ராத்திரியில் பாதத்தில் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிவதும், செருப்பு கழன்றது தெரியாமல் நாலு எட்டு போய்விடுவதும் வயதுக் கணக்கில் வராது. அது நரம்புப் பாதிப்பு. பெரும்பாலும் சர்க்கரையால் வருவது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்னது. அத்தனை பேருக்கும் இரண்டு இரண்டு கால்கள். பார்ப்பவர் எத்தனை பேர்?

என்னோடு வேலை பார்த்த கணக்கு ஆசிரியர் ஒருவர் பதினோரு வருடம் மாதம் தவறாமல் ஒரே டாக்டரிடம் போனார். ஃபைல் தலையணை உயரம். ரத்தம் எடுத்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், மாத்திரையை மாற்றி மாற்றி எழுதினார்கள். ஒரு நாள்கூட "செருப்பைக் கழற்றுங்க சார்" என்று யாரும் சொல்லவில்லை. காலில் ஏறிய கருவேல முள் அவருக்குத் தெரியவே இல்லை. வாடை வந்த பிறகு வீட்டு அம்மாதான் கவனித்தார். கட்டைவிரல் போயிற்று, பிறகு பாதத்தில் பாதி போயிற்று.

இத்தனைக்கும் அந்தச் சோதனைக்குப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையால் பாதத்தில் சில இடங்களில் தொட்டு, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். ஒரு இசைக்கவையை அதிர வைத்துக் கட்டைவிரல் எலும்பில் வைக்க வேண்டும். நம் பள்ளி ஆய்வகத்தில் இருக்குமே, அதுபோன்ற இசைக்கவைதான், 128 அதிர்வெண். மொத்தம் ஐந்து நிமிடம். சர்க்கரை வந்தவருக்கு வருடம் ஒருமுறையாவது இதைச் செய்ய வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள விதி.

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், உணர்ச்சியற்ற காலைக் காப்பாற்றும் பாடத்தை உலகத்துக்குச் சொன்னதே நம் வேலூர். கொல்லிமலையில் வளர்ந்த டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டே தேய்கின்றன என்று காட்டினார். அந்த அறிவைத்தான் பின்னாளில் அமெரிக்கா போய்ச் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கும் பயன்படுத்தினார். எம்.சி.ஆர். செருப்பு (எம்.ஜி.ஆர். இல்லை!) என்ற மெத்து ரப்பர் செருப்பும் அந்த வழியில் வந்ததுதான். அதை வாங்கிப் போடச் சொன்னால், "அது பெரு வியாதிக்காரங்க செருப்பாச்சே" என்று கூச்சப்படுகிறோம்.

கூச்சம் இன்னொன்றும் உண்டு. "நரம்புத் தளர்ச்சி" என்ற சொல்லை லாட்ஜ் வைத்தியர்களின் சுவரொட்டிகள் நாறடித்துவிட்டன. ஒரு அம்மா தன் காலில் நரம்புக் கோளாறு என்று வாய்விட்டுச் சொல்லவே தயங்குகிறார். மெடிக்கல் ஷாப்பில் "சத்து ஊசி" கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார். சிவப்பு நிறத்தில் இருக்குமே, பி12 ஊசி. பி12 குறைந்தவருக்கு அது அமிர்தம். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் பி12 குறையவும் கூடும். அப்படியானால் முதலில் ரத்தத்தில் அளந்து பார்க்க வேண்டாமா? குடி, தைராய்டு, டி.பி. மருந்து, புற்றுநோய் மருந்து என்று காரணம் எத்தனையோ இருக்க, எல்லோருக்கும் ஒரே ஊசி எப்படிச் சரியாகும்?

இரண்டு பாதமும் மெதுவாக மரத்து வந்தால் நல்ல சர்க்கரை டாக்டரே போதும். வேகமாகப் பரவினாலோ, ஒரு பக்கம் மட்டும் என்றாலோ, கையில் தொடங்கினாலோ, பலம் குறைந்தாலோ நரம்பியல் நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும். தனியாரிடம்தான் போக வேண்டும் என்பதில்லை. சென்னைப் பெரியாஸ்பத்திரியில் நரம்பியலுக்கும் நீரிழிவுக்கும் தனித்தனித் துறைகள் இருக்கின்றன. மற்ற ஊர்க்காரர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் எந்தக் கிழமை நரம்பியல் ஓ.பி. என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

இனி அந்த "பேசாம உட்காருங்க" கட்சி. வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் "நடக்காதீங்கப்பா, விழுந்துடுவீங்க" என்று உத்தரவு போடும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன். மரத்த காலோடு நடக்கக் கூடாது என்று ஒரு காலத்தில் டாக்டர்களும் பயந்தார்கள். அமெரிக்க நீரிழிவுச் சங்கமே 2010இல், புண் இல்லாதவர்கள் மிதமாக நடக்கலாம் என்று சொல்லிவிட்டது. உட்கார்ந்தே இருந்தால் சர்க்கரை ஏறும், தொடை வற்றும், பிறகு பாத்ரூம் போக எழுந்தாலே தடுமாறும். விழாமல் இருக்கத்தான் நடக்கச் சொல்கிறோம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்கலாம். பிசியோதெரபிஸ்ட்டிடம் நாலு நாள் போனால் முறையாகச் சொல்லித்தருவார். பாதத்தில் புண் இருந்தாலோ, ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தாலோ நடை கூடாது. அன்றைக்கே டாக்டர்.

ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள். ராத்திரி படுக்கும்முன் உள்ளங்காலுக்கு ஒரு கண்ணாடி பிடியுங்கள். உப்புப் போட்ட வெந்நீரில் கால் வைக்கும் பழக்கத்தை விடுங்கள், தோல் வெந்தாலும் உங்களுக்குத் தெரியாது. சித்திரை வெயிலில் உச்சி வேளையில் கோயில் பிராகாரம் சுற்ற வேண்டாம். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், வெறுங்காலில். அதை அண்ணாமலையாரே உங்களிடம் கேட்கவில்லை.

அடுத்த முறை டாக்டர் அறைக்குள் போகும்போது செருப்பையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்ததும் பாதத்தைக் காட்டுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைத்தால் நினைக்கட்டும்.

"எங்க பாட்டி தொண்ணூறு வயசு வரைக்கும் வெறுங்காலோடதான் நடந்தாங்க" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: உங்கள் பாட்டிக்கு முள் குத்தினால் வலித்தது.